ஸ்காட்லாந்தின் முதல் கோலை அடித்தவர் முசோரியில் பிறந்தவரா? ரக்பி முதல் கின்னஸ் ஆலை வரை... யார் இந்த ரென்னி-டெய்லியர்?

கின்னஸ்னு சொன்னா நமக்கு முதலில் ஞாபகம் வருவது சாதனைப் புத்தகம்தான். நீளமான நகம், பெரிய தோசை, அதிக நேரம் சிலம்பம் சுற்றியவர் என்று அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். அந்தப் புத்தகத்தை 1955-ல் கொண்டுவந்தது அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த ஒரு பீர் ஆலை. அப்போது அந்த ஆலையின் நிர்வாக இயக்குநராக இருந்த ஹ்யூ பீவர் என்பவருக்குத் தோன்றிய யோசனை அது.

அதே நிர்வாக இயக்குநர் நாற்காலியில், பீவருக்கு நாற்பது வருஷம் முன்னாடி இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர். அதே ஸ்காட்லாந்துக்காக கால்பந்தும் ஆடியவர். ஆண்களின் முழு சர்வதேசப் போட்டிகளில் இந்த இரண்டையும் ஸ்காட்லாந்துக்காக ஆடிய ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். போதாக்குறைக்கு, அவர் பிறந்தது ஸ்காட்லாந்திலேயே இல்லை. நம்ம ஊர் மலைவாசஸ்தலமான முசோரியில்!

பெயர் ஹென்றி வா ரென்னி-டெய்லியர். கொஞ்சம் வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு இந்தியக் கதை இருக்கிறது.

பெயருக்குள் ஒரு எவரெஸ்ட் கதை

1849 அக்டோபர் 9. முசோரியில் பிறந்தார் ஹென்றி. அப்பா தாமஸ் ரென்னி, கிழக்கிந்திய கம்பெனியின் வங்காள இன்ஜினியர்ஸ் படைப் பிரிவில் அதிகாரி. இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளந்த மாபெரும் முக்கோண நில அளவைத் திட்டத்தில் வேலை பார்த்தவர்.

அந்தத் திட்டம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1802-ல் சென்னை பரங்கிமலையில். வில்லியம் லாம்டன் அங்கே போட்ட முதல் அளவுக் கோட்டிலிருந்து வடக்கே நீண்டு நீண்டு இமயமலை வரைக்கும் போனது அந்த வேலை. லாம்டனுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவருக்கு முசோரியில் வீடும் எஸ்டேட்டும் இருந்தன. எவரெஸ்ட்டின் கீழ் வேலை செய்த இளம் அதிகாரிகளில் இருவர் ஆண்ட்ரூ வா, தாமஸ் ரென்னி.

இந்த ஆண்ட்ரூ வாதான் எவரெஸ்ட்டுக்குப் பிறகு இந்திய நில அளவைத் துறையின் தலைவரானார். உலகத்தின் உயரமான சிகரத்துக்கு தன் பழைய மேலதிகாரி எவரெஸ்ட்டின் பெயரை வைக்கச் சொன்னவரும் அவரேதான். தன் பிள்ளைக்கு ரென்னி வைத்த நடுப்பெயர் 'வா'. நண்பரை நினைத்து வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை.

பிள்ளை படித்தது இங்கிலாந்தில், செல்ட்டன்ஹாம் கல்லூரியில். அந்தக் காலத்தில் இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்ப வழக்கமே அதுதான். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றி விடுவார்கள். பிறகு அப்பாவைப் போலவே இன்ஜினியர் அதிகாரி. ராயல் இன்ஜினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பிரிவில் சேர்ந்தார். அவர்களின் தலைமை இடம், கென்ட் மாவட்டத்தில் உள்ள சாத்தம்.

40 நாளில் இரண்டு ஆட்டம்

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1870-களின் தொடக்கத்தில் ரக்பி, கால்பந்து இரண்டும் இப்போதுதான் தனிக் குடித்தனம் போன அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கால்பந்து சங்கம் தொடங்கியது 1863-ல். ரக்பி யூனியன் தொடங்கியது 1871 ஜனவரியில். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டையும் ஆடும் இளைஞர்கள் நிறைய பேர் இருந்தார்கள். இந்த ஆட்டக்காரர், அந்த ஆட்டக்காரர் என்ற பிரிவினை அவ்வளவாக இல்லை.

உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27-ல் எடின்பரோவில் நடந்தது. ஸ்காட்லாந்து ஜெயித்தது. தோற்ற இங்கிலாந்து சும்மா இருக்குமா? அடுத்த வருஷமே லண்டனுக்குக் கூப்பிட்டது. 1872 பிப்ரவரி 5, கென்னிங்டன் ஓவல் மைதானம். இதுதான் வரலாற்றின் இரண்டாவது சர்வதேச ரக்பி ஆட்டம். அதில் ஸ்காட்லாந்து அணியில் 22 வயது ரென்னி-டெய்லியர் இருந்தார்.

இன்றைக்கு நாம் டிவியில் பார்க்கும் ரக்பியை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 15 பேர் இல்லை, 20 பேர். அதில் பெரும்பாலானவர்கள் முன்வரிசைக்காரர்கள். நாற்பது பேர் ஒரு பந்தைச் சுற்றி மல்லுக்கட்டுவதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. பாயிண்ட் கணக்கு என்பதே கிடையாது. எதிராளியின் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு மதிப்பெண் இல்லை. கோலை நோக்கி உதைக்க ஒரு முயற்சிக்கான உரிமை மட்டும் கிடைக்கும். அதனால்தான் அதற்கு 'ட்ரை' என்றே பெயர் வந்தது. அன்றைக்கு இங்கிலாந்து இரண்டு கோல், ஸ்காட்லாந்து ஒரு கோல். ஸ்காட்லாந்து தோற்றது. ரென்னி-டெய்லியரின் சர்வதேச ரக்பி வாழ்க்கை அந்த ஒரு ஆட்டத்தோடு முடிந்தது.

இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ரக்பி என்றதும் இன்னொரு இந்தியத் தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு அணிகளும் இன்றைக்கும் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. கல்கத்தாவில் ரக்பி ஆடிய பிரிட்டிஷ்காரர்களின் கிளப் கலைக்கப்பட்டபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய் நாணயங்களை எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப்பாம்பு வடிவம், மூடியில் யானை. முதல் ஆட்டம் 1879-ல். ரென்னி-டெய்லியர் ஆடியபோது இந்தக் கோப்பை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரக்பி ஆட்டம் முடிந்து சரியாக 40-வது நாள், 1872 மார்ச் 16. அதே ஓவல் மைதானம். ஆனால் இந்த முறை கால்பந்து. எஃப்ஏ கோப்பையின் முதல் இறுதிப் போட்டி. ராயல் இன்ஜினியர்ஸும் வாண்டரர்ஸும் மோதின. ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தது இன்ஜினியர்களைத்தான். தொடங்கி சில நிமிடங்களிலேயே அவர்களின் கிரெஸ்வெல் என்ற வீரருக்கு காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மனுஷன் வலியோடு கடைசிவரை மைதானத்தில் நின்றார். வாண்டரர்ஸ் 1-0 என ஜெயித்தது.

எல்லாமே ஏன் ஓவல் மைதானத்தில் நடக்கிறது என்று கேட்கிறீர்களா? அது கிரிக்கெட் மைதானமாச்சே? காரணம் ஒரே ஆள், சார்லஸ் அல்காக். கால்பந்து சங்கத்தின் செயலாளர் அவர்தான். ஓவலை வைத்திருந்த சர்ரே கிரிக்கெட் கிளப்பின் செயலாளரும் அவர்தான். அந்த முதல் இறுதிப் போட்டியில் ஜெயித்த வாண்டரர்ஸ் அணியின் கேப்டனும் அவரேதான்!

ராஜ்கோட் ஒரு கோல், முசோரி ஒரு கோல்

அடுத்த வருஷம், 1873 மார்ச் 8. மறுபடியும் ஓவல். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து இடையே நடந்த இரண்டாவது அதிகாரப்பூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம். முதல் ஆட்டம் 1872 நவம்பர் 30-ல் கிளாஸ்கோவில் 0-0 என்று முடிந்திருந்தது. ஆக, உலகத்தில் எந்த நாடும் அதுவரை சர்வதேசக் கால்பந்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து எல்லா வீரர்களையும் லண்டனுக்கு ரயிலேற்றிக் கூட்டிவர காசு பத்தவில்லை. அதனால் லண்டன் பக்கத்திலேயே இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்தான் ரென்னி-டெய்லியர். கூடவே ஆர்தர் கின்னெய்ர்ட். இவர் பின்னாளில் பெரிய வங்கிக்காரர், பார்க்ளேஸ் வங்கியின் இயக்குநர்களில் ஒருவர்.

ஆட்டம் தொடங்கிய வேகத்திலேயே இங்கிலாந்தின் வில்லியம் கென்யன்-ஸ்லேனி கோல் அடித்தார். சர்வதேசக் கால்பந்தின் முதல் கோல். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? குஜராத்தின் ராஜ்கோட். பிறகு அலெக்ஸாண்டர் பான்சர் இன்னொன்று போட, இங்கிலாந்து 2-0. அப்போதுதான் ரென்னி-டெய்லியர் ஒரு கோலைத் திருப்பினார். ஸ்காட்லாந்தின் முதல் சர்வதேச கோல். அடித்தவர் பிறந்தது முசோரி.

அதாவது, கால்பந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகப் பெருமைப்படும் இரண்டு நாடுகளின் முதல் சர்வதேச கோல்களையும் அடித்தவர்கள் இந்திய மண்ணில் பிறந்தவர்கள். இதற்காக நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இருவருமே இங்கே ஆட்சி செய்த ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள். ஆனாலும் அன்றைக்கு சாம்ராஜ்யம் எப்படி விரிந்து கிடந்தது என்பதை இந்த ஒரு ஸ்கோர் அட்டை சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது.

வில்லியம் கிப் அடித்த கோலில் ஸ்காட்லாந்து 2-2 என்று எட்டிப்பிடித்தது. பிறகு இங்கிலாந்து இரண்டு போட்டு 4-2 என ஜெயித்தது. ரென்னி-டெய்லியருக்கு இதுவும் முதலும் கடைசியுமான சர்வதேசக் கால்பந்து ஆட்டம்.

பாஸ் கொடுத்து ஆடிய சிப்பாய்கள்

சர்வதேசக் கணக்கு இவ்வளவுதான் என்றாலும், அவர் பெயர் வாங்கியது ராயல் இன்ஜினியர்ஸ் அணியில்தான். அன்றைய கால்பந்தில் ஒருவர் காலில் பந்து கிடைத்துவிட்டால் அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு தனியாளாக ஓடுவார். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், பந்து தவறினால் பொறுக்கிக்கொள்ள. இன்ஜினியர்கள் வேறு மாதிரி ஆடினார்கள். பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி முன்னேறினார்கள். ஒரே முகாமில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் பயிற்சி எடுக்கும் ஆட்கள் என்பதால் அது அவர்களுக்கு எளிதாக வந்தது. இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கும் பாஸிங் ஆட்டத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இந்த ராணுவ அணி.

1874-ல் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் 0-2 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ராசன் சகோதரர்கள். அண்ணன் தம்பி எதிரெதிராக ஆடினார்கள். இன்ஜினியர்ஸ் அணியில் பெல்ஹம் வான் டோனப் என்று ஒருவர் இருந்தார். நகைச்சுவை நாவலாசிரியர் பி.ஜி. உட்ஹவுஸின் பெயரில் வரும் அந்த 'பி' இவருடைய பெயர்தான், ஞானத்தந்தை என்பதால்.

இரண்டு முறை இறுதிவரை வந்து தோற்ற அணி. 1875 மார்ச் 13-ல் மூன்றாவது முறை. எதிரில் ஓல்ட் ஈட்டோனியன்ஸ். காற்று பேயாக அடித்த நாள். ஈட்டோனியன்ஸுக்காக முதல் கோல் போட்டவர் பான்சர். ஆம், 1873-ல் இங்கிலாந்துக்காக அடித்த அதே ஆள். சமன் செய்தவர் ரென்னி-டெய்லியர். கூடுதல் நேரத்திலும் முடிவில்லை, 1-1. மூன்று நாள் கழித்து மறு ஆட்டம். ஈட்டோனியன்ஸ் அணியில் முதல் நாள் ஆடிய பலர் வரவில்லை. இன்ஜினியர்ஸ் 2-0. அந்த ஆட்டத்திலும் ரென்னி-டெய்லியர் பெயரில் ஒரு கோல். ராயல் இன்ஜினியர்ஸ் எஃப்ஏ கோப்பையை வென்றது அந்த ஒரே முறைதான். இனி ஒரு ராணுவ அணி அதை வெல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

கிரிக்கெட்டையும் விடவில்லை மனுஷன். 1873 முதல் 1883 வரை கென்ட் அணிக்காக முதல்தர கிரிக்கெட் ஆடினார். 1880-ல் சாத்தத்தில் சிவில் சர்வீஸ் அணிக்கு எதிராக ராயல் இன்ஜினியர்ஸுக்காக அவர் எடுத்த ரன் எவ்வளவு தெரியுமா? ஆட்டமிழக்காமல் 331. முதல்தரப் போட்டி இல்லை என்பதால் பெரிய சாதனைப் பட்டியல்களில் அது வராது. ஆனாலும் 331, 331தானே!

இவ்வளவு ஆடியும் இதில் சம்பளம் ஒரு பைசா கிடையாது. இங்கிலாந்தில் கால்பந்துக்குக் காசு வாங்குவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே 1885-ல்தான். அதிலும் அதிகாரி வகுப்பினர் கூலிக்கு ஆடுவதை கௌரவக் குறைச்சலாக நினைத்த காலம். ஆக, ஆட்டம் முடிந்தால் வேலைதான் வாழ்க்கை. ராணுவத்தில் கர்னல் வரை உயர்ந்தார். பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் டப்ளின்.

பீர் ஆலைக்கு எதற்கு ராணுவ இன்ஜினியர்?

ஆலை என்றதும் நாலு பீப்பாய், ஒரு அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1759-ல் ஆர்தர் கின்னஸ் செயின்ட் ஜேம்ஸ் கேட் என்ற இடத்தில் தொடங்கிய ஆலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்திலேயே பெரிய பீர் ஆலையாகிவிட்டது. 1886-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது மூலதனம் 60 லட்சம் பவுண்டு. ஆலைக்குள்ளேயே தனி குறும்பாதை ரயில் ஓடியது. ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ரயில் ஏறுவதற்காக மண்ணுக்கடியில் சுருள் வடிவச் சுரங்கப்பாதை. லிஃபி ஆற்றில் பீப்பாய் ஏற்றிப் போக சொந்தப் படகுகள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுக்கு மருத்துவர். ஒரு சின்ன ஊரை நடத்துவது மாதிரி. ஆட்களையும் இயந்திரங்களையும் நடத்தத் தெரிந்த ராணுவ இன்ஜினியருக்கு அங்கே வேலை இருந்தது ஆச்சரியமில்லை.

காலேஜில் புள்ளியியல் படித்தவர்களுக்கு 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' தெரிந்திருக்கும். அந்த 'ஸ்டூடண்ட்' இந்த ஆலையின் ஊழியர்தான். உண்மைப் பெயர் வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட கம்பெனி அனுமதிக்காததால், 1908-ல் புனைபெயரில் எழுதினார். அப்படிப்பட்ட ஆட்களெல்லாம் வேலை பார்த்த இடம் அது.

தலைவர் ஐவா பிரபு பெரும்பாலும் இங்கிலாந்தில்தான் இருந்தார். டப்ளினில் அன்றாடம் முடிவெடுக்க வேண்டியது நிர்வாக இயக்குநர். அந்தப் பொறுப்பு ரென்னி-டெய்லியர் கைக்கு வந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. 1914-ல் முதல் உலகப் போர்.

துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு ஆலை

போருக்கு 800-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தால் வேலை உண்டு, போயிருக்கும்வரை வீட்டுக்குப் பாதிச் சம்பளம் என்று கம்பெனி உறுதி கொடுத்தது. அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தானியத் தட்டுப்பாட்டால் பீர் எவ்வளவு காய்ச்சலாம், எவ்வளவு வீரியம் இருக்கலாம் என்பதற்கெல்லாம் அரசு கட்டுப்பாடு போட்டது. 1917 அக்டோபரில் கின்னஸின் சொந்தச் சரக்குக் கப்பலான டபிள்யூ.எம். பார்க்லியை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது.

ஆனால் இதையெல்லாம் விட சிக்கலான வாரம் ஒன்று இருந்தது. 1916 ஏப்ரல், ஈஸ்டர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளின் தெருக்களில் கிளர்ச்சி வெடித்தது. ஆலை இருந்தது நகருக்குள்ளேயே. கின்னஸ் குடும்பம் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விசுவாசமான குடும்பம். ஆலையின் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் சாதாரண டப்ளின் ஐரிஷ் மக்கள். நிர்வாக இயக்குநரோ ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கர்னல். நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ராணுவத்துக்கு அவசரமாகக் கவச வண்டி தேவைப்பட்டது. கின்னஸின் டெய்ம்லர் லாரிகளை எடுத்து, அவற்றின் மேல் உருளையான இரும்புக் கொதிகலன்களை ஏற்றி, சுடுவதற்கு ஓட்டை போட்டார்கள். எது நிஜ ஓட்டை என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக கறுப்பு பெயின்ட்டில் போலி ஓட்டைகளும் வரைந்தார்கள். பீர் சுமந்த லாரி, அதே ஊர் தெருவில் சிப்பாய்களைச் சுமந்து போனது.

அந்த வாரக் கடைசியில் ஆலையின் வளாகத்துக்குள்ளேயே ரத்தம் சிந்தியது. ஆலையின் மால்ட் கிடங்கில் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், இரவில் அங்கிருந்தவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று சந்தேகப்பட்டுச் சுட்டார்கள். இறந்தது நான்கு பேர். இருவர் அவர்களுடைய சொந்த அதிகாரிகள். மற்ற இருவர் இரவுப் பணியில் இருந்த கின்னஸ் ஊழியர்கள். உத்தரவிட்ட சார்ஜென்ட் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விடுதலை செய்யப்பட்டார். இறந்த தன் ஊழியர்களுக்குக் கிளர்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று கம்பெனி வெளிப்படையாகவே தெளிவுபடுத்தியது. வாழ்நாள் முழுக்க அந்த ராணுவத்தின் சீருடையைப் போட்ட ஒருவர் தலைமையில் இருந்தபோது, அந்த ராணுவம் சுட்டுக்கொன்ற ஊழியர்களின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நிலை. ஓவல் மைதானத்தில் அவர் பார்த்த எந்த நெருக்கடியும் இதன் பக்கத்தில் நிற்காது.

கடைசி நாட்கள்

போர் முடிந்தது. அயர்லாந்தில் அமைதி வரவில்லை. 1919-ல் சுதந்திரப் போர் தொடங்கியது. அதற்கு அடுத்த வருஷம், 1920 ஜூன் 15-ல் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் ஊரில் உள்ள நியூமன்ஸ்வால்ஸ் இல்லத்தில் ரென்னி-டெய்லியர் காலமானார். வயது 70. அவருடைய குடும்பத்தின் பூர்வீகப் பகுதி அது.

ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் மொத்தம் இரண்டு. ரக்பியில் ஒன்று, கால்பந்தில் ஒன்று. இரண்டுமே லண்டன் ஓவலில், இரண்டிலுமே தோல்வி. சொந்த மண்ணில் ஸ்காட்லாந்து ஜெர்சி போட்டு ஒரு சர்வதேச ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை.